பார்வோனின் கடின இருதயத்தை வேதபாடத்தில் நடத்துவது எப்படி

வீட்டுக் கூடுகையிலோ சபையின் வேதபாட வகுப்பிலோ யாத்திராகமத்தை எடுத்து நடத்துகிறவர்களுக்கு, 5ஆம் அதிகாரம் முதல் 14ஆம் அதிகாரம் வரையுள்ள பகுதி பார்வைக்கு எளிதாகத் தோன்றும். நடத்தத் தொடங்கிய பிறகுதான் அதன் கடினம் தெரியும். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரைப் போகவிடும்படி மோசே கேட்க, எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் மறுக்க, கர்த்தர் எகிப்தின்மேல் பத்து வாதைகளை அனுப்பிய அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில் பத்து வாதைகளையும் விரல்விட்டு எண்ணி ஒப்புவித்தவர்கள்தாம் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்த கதை என்பதாலேயே அவர்கள் வசனங்களை ஊன்றிப் பார்க்கமாட்டார்கள். அதோடு, முதல் கால் மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "கர்த்தரே அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்றால், பார்வோன்மேல் என்ன குற்றம்?"

நான் முதன்முறை இந்தப் பகுதியை நடத்தியபோது அப்படித்தான் ஆயிற்று. கேள்வி வந்த உடனே ரோமர் 9ஆம் அதிகாரத்துக்குத் தாவினேன். இரண்டு சகோதரர்கள் முன்குறித்தலை, அதாவது தேவன் மனுஷரைக் குறித்து முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற போதனையைப் பற்றி வாதிடத் தொடங்கினார்கள். மற்றவர்கள் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தவளைகள் வரைகூட நாங்கள் போய்ச் சேரவில்லை. கேள்வியில் பிழை இல்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே அதை எடுத்துப் பேசுகிறார். வசனங்களைப் பார்க்கும் முன்பே அதற்கு விடை சொல்லப் புறப்பட்டது என் பிழை. அதற்குப் பிறகு பல முறை நடத்தியதில் எனக்குப் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன். வாதை வந்தபோது பார்வோன் என்ன செய்தான் என்பதோடு நிற்காமல், வாதை நீங்கிய உடனே அவன் என்ன செய்தான் என்பதைப் பார்க்க வகுப்பைப் பழக்க வேண்டும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

முதலில் நீங்கள் தனியே செய்ய வேண்டியது

வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே, 3ஆம் அதிகாரம் தொடங்கி 14ஆம் அதிகாரம் முடியும்வரை ஒரே அமர்வில் வாய்விட்டு வாசியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். கண்ணால் மட்டும் ஓட்டினால், "செவிகொடாமற்போனான்" என்று திரும்பத் திரும்ப வரும் அந்த முடிப்பின் கனம் தெரியாது. காதில் விழும்போதுதான் தெரியும்.

அடுத்து ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்துவதாகச் சொல்லும் வசனங்கள். இரண்டாவதில் இருதயம் கடினப்பட்டது என்று மட்டும் சொல்லி, யார் செய்தது என்று சொல்லாத வசனங்கள். மூன்றாவதில் பார்வோனே தன்னைக் கடினப்படுத்திக்கொண்டதாகச் சொல்லும் வசனங்கள். நீங்களே தேடி எழுதிய பிறகு, சரிபார்ப்பதற்காக மட்டும் இந்தப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். முதல் பத்தியில் 4:21, 7:3, 9:12, 10:1, 10:20, 10:27, 11:10, 14:4, 14:8, 14:17 ஆகிய பத்தும் வர வேண்டும். இவற்றுள் கடைசி வசனம் எகிப்தியர் எல்லாருடைய இருதயத்தையும் பற்றியது. இரண்டாவதில் 7:13, 7:14, 7:22, 8:19, 9:7, 9:35 ஆகிய ஆறும், மூன்றாவதில் 8:15, 8:32, 9:34 ஆகியவையும், நடந்ததைப் பின்னோக்கிச் சொல்லும் 13:15-உம் வரும். ஆக மொத்தம் இருபது.

இந்த இருபதையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது ஒன்று உண்டு. 4:21-உம் 7:3-உம் வரப்போவதைக் கர்த்தர் மோசேக்கு முன்னறிவிப்பவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, நடந்ததைச் சொல்லும் வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், கர்த்தர் கடினப்படுத்தினார் என்று முதன்முதலாக வருவது 9:12-இல்தான், அதாவது ஆறாவது வாதையாகிய கொப்புளங்களின்போது. அதற்கு முந்தின ஐந்து வாதைகளிலும் ஒன்று "இருதயம் கடினப்பட்டது" என்றிருக்கும், அல்லது "பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான்" என்றிருக்கும். இதை வகுப்பில் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தவருடைய முகம் மாறுவதைப் பார்ப்பது, நடத்துகிறவருக்குக் கிடைக்கும் சந்தோஷங்களில் ஒன்று.

வகுப்பில் யாராவது பழைய கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் வைத்திருந்தால், 7:13-இல் "அவர் கடினப்படுத்தினார்" என்று இருக்கிறதே என்பார்கள். எபிரெயத்தில் அந்த வினை செய்தவரைச் சொல்லாமல் நிற்பது. நம் தமிழ் வேதாகமம் "இருதயம் கடினப்பட்டது" என்று சரியாகவே வைத்திருக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் அந்த இடத்தில் தடுமாற மாட்டீர்கள்.

மூன்று எபிரெயச் சொற்கள்

எபிரெயம் படிக்காதவரும் இந்த மூன்று சொற்களை அறிந்துகொள்வது நல்லது. தமிழில் பெரும்பாலும் "கடினம்" என்ற ஒரே சொல்லால் வருவது, மூலத்தில் மூன்று சொற்களால் வருகிறது. "ஹாசக்" என்றால் பலமாதல், இறுகுதல். "காஷா" என்றால் கடினமாதல். "காபேத்" என்றால் பாரமாதல். மூன்றாவது சொல்லில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று வரும் 8:15, 8:32, 9:34 மூன்றிலும் இருப்பது இந்தப் "பாரம்"தான்: தன் இருதயத்தை அவன் தானே பாரமாக்கிக்கொண்டான்.

அந்தச் சொல் இந்தப் பகுதி முழுவதும் ஊடுபாவாக ஓடுகிறது. மோசே தன்னைத் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று 4:10-இல் சொல்லும்போது மூலத்தில் இருப்பது "பாரமான வாய், பாரமான நாவு" என்பது. 5:9-இல் இஸ்ரவேலர்மேல் வேலை இன்னும் பாரமாகட்டும் என்று பார்வோன் கட்டளையிடுகிறான். அதற்குப் பின் எகிப்தின்மேல் வரும் வண்டுகளும் கொள்ளைநோயும் கல்மழையும் வெட்டுக்கிளியும் ஒவ்வொன்றாக அதே "பாரமான" என்ற அடைமொழியோடு வருகின்றன. கடைசியில் 14:4-இல், பார்வோனால் நான் மகிமைப்படுவேன் என்று கர்த்தர் சொல்லும் இடத்திலும் அதே வேர்ச்சொல்தான். எபிரெயத்தில் மகிமையும் பாரமும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஜனங்களின்மேல் பாரத்தை ஏற்றியவன் தன் இருதயத்தில் பாரத்தை ஏற்றிக்கொண்டான், அவன் நாட்டின்மேல் பாரம் இறங்கிற்று என்று ஒரே சொல்லை வைத்து முழுக்கதையும் பின்னப்பட்டிருக்கிறது.

எகிப்தியரின் நம்பிக்கையில், இறந்தவனுடைய இருதயம் தராசின் ஒரு தட்டிலும், நீதியின் அடையாளமாகிய இறகு மறுதட்டிலும் வைத்து நிறுக்கப்படும். பாரமான இருதயம் குற்றமுள்ள இருதயம். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆனி என்பவரின் பாப்பிரஸ் சுருளில் அந்தக் காட்சி வரையப்பட்டிருக்கிறது. யாத்திராகமம் "பாரமான இருதயம்" என்று சொல்வது இதை மனத்தில் வைத்துத்தான் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியும் இருக்கலாம் என்று மட்டும் வகுப்பில் சொல்லுங்கள். வசனம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

எத்தனை வாரம், எங்கே பிரிப்பது

ஐந்து வாரம் வேண்டும். ஒரே மாலையில் பத்து வாதைகளையும் முடிக்க நினைத்தால் கதையைத் திரும்பச் சொன்னதாக முடியும். முதல் வாரம் 5ஆம் அதிகாரம். அடுத்த மூன்று வாரங்களுக்கு வாரம் மூன்று வாதைகள். கடைசி வாரம் 11 முதல் 14 வரை. மூன்று மூன்றாகப் பிரிப்பதற்கு வேதமே வழி காட்டுகிறது: முதலாம், நாலாம், ஏழாம் வாதைகளுக்கு முன் மோசே அதிகாலையில் பார்வோனைச் சந்திக்கிறான், இரண்டாம், ஐந்தாம், எட்டாம் வாதைகளுக்கு முன் அவனிடத்தில் போகும்படி அனுப்பப்படுகிறான், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் வாதைகள் எச்சரிப்பே இல்லாமல் வருகின்றன.

முதல் வாரத்தில் வைக்கோலைப் பற்றிப் பேசுங்கள். நைல் நதிச் சேற்றில் நறுக்கிய வைக்கோலைக் கலந்து மிதித்து, மரச்சட்டத்தில் அடித்து வெயிலில் காயவைப்பது எகிப்தியச் செங்கல்; காயும்போது வெடிக்காமல் பிடித்துவைப்பது அந்த வைக்கோல். தீப்ஸில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியமாக, ஆட்கள் தண்ணீர் மொண்டு சேறு பிசைந்து செங்கல் அறுக்கும் காட்சியும், கோலோடு உட்கார்ந்திருக்கும் கண்காணியும் இன்றும் இருக்கின்றன. வைக்கோலை நிறுத்திவிட்டு, அறுக்க வேண்டிய செங்கல் கணக்கைக் குறைக்காமல் வைத்தான் பார்வோன். அறுப்பு முடிந்த வயல்களில் தாளடி பொறுக்கிக்கொண்டே அதே கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காதபோது அடி வாங்கியவர்கள் இஸ்ரவேல் புத்திரரின் தலைவர்கள். அவர்கள் முறையிட்டபோது கிடைத்த மறுமொழி, நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள் என்பது.

இதற்கு முன்பு 5:2-ஐ நிறுத்தி வாசிக்கச் செய்யுங்கள். கர்த்தர் யார், நான் அவரை அறியேன், இஸ்ரவேலைப் போகவிடுவதில்லை என்று பார்வோன் சொல்லும் வசனம் அது. பார்வோன் முதலில் பேசியதே இதுதான். பின்னால் வரும் அதிகாரங்களில் "அறிவாய்", "அறிந்துகொள்வார்கள்" என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுவதை அந்த வாரத்து வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். 7:5, 7:17, 8:10, 8:22, 9:14, 9:29, 14:4, 14:18 என்று பட்டியல் நீளும். அவன் அலட்சியமாக வீசிய கேள்விக்குப் பத்து அதிகாரம் முழுக்க விடை சொல்லப்படுகிறது.

தவளைகளின் இரவில் நிற்க வேண்டும்

முதல் மூன்று வாதைகளில், நதி இரத்தமான முதல் வாதையை விரைவாகக் கடந்துவிடலாம். மந்திரவாதிகளும் அப்படியே செய்தார்கள், பார்வோன் திரும்பித் தன் வீட்டுக்குள் போனான் (7:23), ஜனங்கள் குடிநீருக்காக நதியோரத்தில் தோண்டினார்கள். அரசன் வீட்டுக்குள் போவதும் ஜனங்கள் மண்ணைத் தோண்டுவதும் அடுத்தடுத்த வசனங்களில் இருப்பதை மட்டும் காட்டினால் போதும்.

தவளைகளில் நில்லுங்கள். 8:3-ஐ மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்: வீட்டில், படுக்கை அறையில், படுக்கையின்மேல், அடுப்பில், மாவு பிசைகிற தொட்டியில். வாதை அடுக்களைக்குள் வந்துவிட்டது. மந்திரவாதிகளாலும் தவளைகளை வரப்பண்ண முடிந்தது. இருக்கிறவற்றை நீக்கத்தான் முடியவில்லை. அப்போதுதான் பார்வோன் முதன்முறையாக மோசேயைக் கூப்பிட்டு, எனக்காகக் கர்த்தரை நோக்கி வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறான். எப்போது நீங்க வேண்டும் என்று குறித்துச் சொல்லும் உரிமையை மோசே அவனுக்கே விட்டுக்கொடுக்கிறான். அதற்கு அவன் சொன்ன விடை: நாளைக்கு.

இங்கே வகுப்பை இரண்டு நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள். படுக்கையில் தவளை துள்ளிக்கொண்டிருக்கும்போது இன்றைக்கே என்று கேட்காமல் ஏன் நாளைக்கு என்றான்? ஒருவர் அவனுடைய வீம்பு என்பார். ஒருவர், இரவோடு இரவாகத் தவளைகள் தாமாகவே போய்விட்டால் மோசேக்குக் கடன்பட வேண்டியதில்லை என்று பார்த்தான் என்பார். வசனம் காரணம் சொல்லவில்லை. ஆகையால் எந்த விடையையும் முடிவான விடையாக்கிவிடாதீர்கள். ஆனால் கேள்வி அவர்களோடு வீட்டுக்குப் போகட்டும்.

மறுநாள் தவளைகள் செத்தன, குவியல் குவியலாகச் சேர்த்தார்கள், தேசமெங்கும் நாற்றம். அதற்கு அடுத்த வசனமே 8:15. நம் வேதாகமம் அங்கே "இலகு" என்றொரு அழகான சொல்லை வைத்திருக்கிறது: இலகு உண்டாயிற்று என்று கண்டபோது பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான். மூச்சுவிட இடம் கிடைத்தது என்பதே மூலத்தின் பொருள். நாற்றம் இன்னும் அடங்கியிருக்காது. அதற்குள் கொடுத்த வாக்கை எடுத்துவிட்டான்.

இப்போது நோட்டின் மூன்றாவது பத்தியை எடுத்து, அதிலுள்ள வசனங்கள் எந்தெந்த வேளையில் வருகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். வாதை நீங்கும்படி வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பார்வோன் நான்கு முறை கேட்கிறான்: தவளை, வண்டு, கல்மழை, வெட்டுக்கிளி. முதல் மூன்று முறையும் வாதை நீங்கிய உடனே வருவன 8:15, 8:32, 9:34. அவன் தன் இருதயத்தைத் தானே பாரமாக்கிக்கொண்டான் என்று வேதம் சொல்லும் மூன்று வேளைகளும் இவைதாம். மூன்றும் அவன் கேட்ட ஜெபம் கேட்கப்பட்ட மறுகணம். நான்காம் முறை, வெட்டுக்கிளிகள் நீங்கியபோது, கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று வாக்கியம் மாறிவிடுகிறது (10:20).

இந்த ஒன்றை வகுப்பு தானாகக் கண்டுபிடித்துவிட்டால், ஐந்து வாரமும் வீண்போகவில்லை என்பேன். வாதையின் நடுவில் பார்வோன் பேசுவதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கல்மழையில், நான் பாவம் செய்தேன், கர்த்தர் நீதியுள்ளவர், நானும் என் ஜனமும் துன்மார்க்கர் என்று வாய்விட்டுச் சொல்கிறான் (9:27). இடி முழங்கும்போது சொன்னது அது. மழை நின்றதும் என்ன ஆயிற்று என்பது 9:34-இல் இருக்கிறது.

பேரம் பேசுவதைக் கவனிக்க வைப்பது

மூன்றாம், நாலாம் வாரங்களில், பார்வோன் ஒரேயடியாக மறுத்துக்கொண்டே இருந்தவன் என்ற எண்ணத்தை மாற்ற வேண்டியிருக்கும். அவன் விட்டுக்கொடுத்துக்கொண்டே வருகிறான். முழுவதையும் விட மட்டும் மறுக்கிறான். வண்டுகள் வந்தபோது, பலியிடுங்கள், ஆனால் இந்தத் தேசத்திலேயே என்கிறான் (8:25). பிறகு, போங்கள், அதிக தூரம் போகவேண்டாம் என்கிறான் (8:28). வெட்டுக்கிளியைப் பற்றிய எச்சரிப்பு வந்தபோது, ஆண்கள் மட்டும் போகலாம் என்கிறான் (10:11). பிள்ளைகள் இங்கே இருந்தால் பெரியவர்கள் திரும்பித்தானே ஆகவேண்டும். காரிருளுக்குப் பின், பிள்ளைகளும் போகட்டும், ஆடுமாடுகள் மட்டும் நிற்கட்டும் என்கிறான் (10:24). அதற்கு மோசே சொன்ன மறுமொழியை வகுப்பு மனப்பாடமாகச் சொல்லட்டும்: ஒரு குளம்பும் பின்வைக்கப்படுவதில்லை.

இந்த நான்கு பேரங்களையும் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பார்வோன் எதைக் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நன்றாக வரும். பிடிவாதம் என்பது எப்போதும் மாட்டேன் என்ற வடிவத்தில் வருவதில்லை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அவனைச் சுற்றியிருந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். பேன்களோடு மந்திரவாதிகள் தோற்று, இது தேவனுடைய விரல் என்று ஒப்புக்கொண்டார்கள் (8:19). கொப்புளங்களில் மோசேயின்முன் நிற்கவும் முடியாமல் போனார்கள் (9:11). கல்மழைக்கு முன் பார்வோனின் ஊழியக்காரருள் சிலர் பயந்து தங்கள் வேலையாட்களையும் மிருகஜீவன்களையும் வீடுகளுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள் (9:20). வெட்டுக்கிளிகளுக்கு முன் ஊழியக்காரரே அரசனைப் பார்த்து, எகிப்து அழிந்துபோனதை நீர் இன்னும் அறியவில்லையா என்று கேட்டுவிட்டார்கள் (10:7). சான்று போதவில்லை என்று பார்வோன் சொல்ல முடியாது. கொள்ளைநோயின்போது அவனே ஆள் அனுப்பி விசாரித்து, இஸ்ரவேலரின் மிருகஜீவன்களில் ஒன்றும் சாகவில்லை என்று தெரிந்துகொண்டான். அதே வசனத்தில்தான் அவன் இருதயம் கடினப்பட்டது என்றும் இருக்கிறது (9:7).

கல்மழை வாதையில் ஒரு சிறு வசனம் இருக்கிறது. பலரும் தாண்டிப் போவார்கள். வாற்கோதுமை கதிர்விட்டிருந்தது, சணல் பூப்பிடித்திருந்தது, ஆகையால் இரண்டும் அழிந்தன. கோதுமை பின்பருவப் பயிராகையால் தப்பியது (9:31, 32). வயலில் இன்னும் கோதுமை நிற்கிறது. இழப்பதற்கு இன்னும் மிச்சம் இருந்ததால் பிடிவாதத்துக்கும் இடம் இருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அடுத்த அதிகாரத்தில் வெட்டுக்கிளிகள் வந்து, கல்மழைக்குத் தப்பியதையெல்லாம் தின்றுவிடுகின்றன.

இனி அந்தக் கேள்வி

நாலாம் வாரத்தின் தொடக்கத்தில் அந்தக் கேள்வியை நீங்களே எடுத்துப் போடுங்கள். அதற்கு முன் யார் கேட்டாலும், நாலாம் வாரம் பார்ப்போம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, சொன்னபடி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் கேட்டவருக்கு நம்மேல் நம்பிக்கை போய்விடும்.

வாசிக்க வேண்டியவை 9:34, 9:35, 10:1 என்ற மூன்று வசனங்கள், இடையில் நிறுத்தாமல். முதல் வசனத்தில் பார்வோன் பின்னும் பாவம் செய்து, அவனும் அவன் ஊழியக்காரரும் தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தினார்கள். இரண்டாவதில் அவன் இருதயம் கடினப்பட்டது. மூன்றாவதில், அவன் இருதயத்தை நான் கடினப்படுத்தினேன் என்கிறார் கர்த்தர். உங்கள் நோட்டின் மூன்று பத்திகளும் ஒரே சம்பவத்தின்மேல் வரிசையாக வந்து நிற்கின்றன. எழுதியவர் இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிடவில்லை. ஆகையால் நாமும் விடக்கூடாது. பார்வோனைக் கர்த்தர் கையிலுள்ள பொம்மையாக ஆக்கிவிட்டால் 9:34 மிஞ்சும். கர்த்தர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் 10:1 மிஞ்சும்.

என் புரிதலைக் கேட்டால், வேதம் காட்டும் வரிசையை நான் பற்றிக்கொள்கிறேன். மோசே எகிப்துக்குப் புறப்படும் முன்பே, பலத்த கையைக் கண்டாலொழிய எகிப்தின் ராஜா உங்களைப் போகவிடான் என்று கர்த்தர் சொல்லியிருந்தார் (3:19). மனுஷனுடைய இணங்காமை அப்போதே இருந்தது. அவன் மீண்டும் மீண்டும் தெரிந்துகொண்ட வழியில் அவனைக் கர்த்தர் உறுதிப்படுத்தினார். "ஹாசக்" என்ற சொல்லுக்கு உறுதிப்படுத்துதல் என்றும் பொருள் உண்டு. ஆனால் 4:21-இல் முதல் வாதைக்கு முன்பே கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் சொல்லியிருப்பதால், இந்த விளக்கத்தோடு கேள்வி முழுவதும் தீர்ந்துவிட்டதாக நான் பாவனை செய்யமாட்டேன். பவுலும் ரோமர் 9:17-இல் யாத்திராகமம் 9:16-ஐ எடுத்துக் காட்டிவிட்டு, அடுத்த வசனங்களில் இதே ஆட்சேபத்தைத் தானே எழுப்பி, தேவனுடைய அதிகாரத்தைச் சொல்லி நிற்கிறார். அந்தப் பகுதியை இப்போது வாசியுங்கள். வகுப்பில் இரு தரப்பும் இருந்தால் இருவரும் வசன எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். சத்தம் தானாகவே குறையும்.

எந்தப் பார்வோன் என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்துக்குமேல் கொடுக்க வேண்டாம். 1 இராஜாக்கள் 6:1-இன் 480 வருடக் கணக்கைப் பிடித்து கி.மு. 15ஆம் நூற்றாண்டு என்பவர்களும், 1:11-இல் வரும் ராமசேஸ் என்ற பட்டணத்தின் பெயரைப் பிடித்து 13ஆம் நூற்றாண்டு, இரண்டாம் ராமசேஸ் என்பவர்களும் உண்டு. வேதம் பெயர் சொல்லவில்லை. அதே புத்தகம் அரசனுடைய கட்டளையை மீறிய இரண்டு மருத்துவச்சிகளின் பெயரைச் சிப்பிராள், பூவாள் என்று 1:15-இல் பதிந்து வைத்திருக்கிறது. இதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

கடைசி வாரம்

11ஆம், 12ஆம் அதிகாரங்களை நடத்தும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். சிங்காசனத்தில் வீற்றிருக்கும் பார்வோனின் தலைப்பிள்ளை முதல் ஏந்திரம் அரைக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளை வரை என்று 11:5 சொல்கிறது. அந்த அடிமைப்பெண் பார்வோனுக்கு எந்த ஆலோசனையும் சொன்னவள் அல்ல. வகுப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். இதை வெற்றிக் கதையாக உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டு போகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒவ்வாது. சாவில்லாத ஒரு வீடும் இல்லை, மகா கூக்குரல் உண்டாயிற்று என்று வேதமே அந்த அழுகையைப் பதிந்து வைத்திருக்கும்போது (12:30), நாம் அதைத் தாண்டிப் போகக்கூடாது. ஆளுகிறவனுடைய பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் யார் என்று ஒரு கேள்வியாகக் கேட்டு, பதிலுக்குப் பொறுத்திருங்கள்.

அதே இரவில் பார்வோன், ஆடுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு போங்கள், என்னையும் ஆசீர்வதியுங்கள் என்கிறான் (12:32). எல்லாம் முடிந்தது என்று தோன்றும். 14:5-க்குத் திருப்புங்கள். ஜனங்கள் போய்விட்டார்கள், வாதை இல்லை, மறுபடியும் இலகு. இஸ்ரவேலர் நமக்கு வேலை செய்யாதபடி அவர்களைப் போகவிட்டது என்ன என்று அரசனும் ஊழியக்காரரும் மனம் வேறுபட்டு, பிரதானமான 600 இரதங்களைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். முதல் வாரத்து வைக்கோலையும் செங்கலையும் இங்கே நினைவூட்டினால் வகுப்புக்கு விளங்கிவிடும்: அவன் தேடிப்போவது வேலையாட்களை.

நடைமுறைக்குப் பொருத்திப் பேசும் வேளையில், நாட்டை ஆளுகிறவர்களையோ சபையில் நமக்கு எதிராக நிற்கிறவர்களையோ பார்வோன் என்று சொல்ல யாரையும் அனுமதிக்காதீர்கள். அப்படிச் சொல்லத் தொடங்கினால், அறையிலுள்ள ஒவ்வொருவரும் மோசேயாகிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இரண்டு வசனங்களை வாசிக்கச் சொல்லுங்கள். முதலாவது 1 சாமுவேல் 6:6. எகிப்தியரும் பார்வோனும் தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தினதுபோல நீங்கள் ஏன் கடினப்படுத்த வேண்டும் என்று அங்கே கேட்கிறவர்கள் பெலிஸ்தரின் பூசாரிகள். அவர்கள் வாயிலும் மூலத்தில் அதே "பாரம்" என்ற சொல்தான். இரண்டாவது சங்கீதம் 95:8. அங்கே இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள் என்று சொல்லப்படுவது கர்த்தருடைய ஜனத்துக்கு. நினைவூட்டப்படுவது வனாந்தரத்தில் நடந்த சோதனை நாள். அந்த நாளைக் காண யாத்திராகமத்தில் அதிக தூரம் போகவேண்டியதில்லை. சமுத்திரத்தைக் கடந்து வந்த அதே ஜனங்கள், மூன்று அதிகாரத்துக்குள், ரெவிதீமில் தண்ணீர் இல்லாதபோது, கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டுவிட்டார்கள்.

17:1 முதல் 7 வரை ஒருவர் வாசிக்கட்டும். அதற்கு விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒவ்வொருவரும் அமைதியாக ஜெபிக்கும்படி பத்து நிமிடம் கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிடுங்கள்.